கிராப் சென்சார் கேமராவுக்கு ஒரே லென்ஸ்: 18-300, 16-300, 18-400 ஆகியவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி

வணக்கம். கிராப் சென்சார் (35 மி.மீ. ஃபிலிம் சட்டத்தைவிடச் சிறிய ஒளியுணர் சில்லு) உடைய நிக்கான் டி5600 கேமராவை அதனுடன் வந்த 18-55 மி.மீ. (குவியத் தூரம்; எண் சிறிதானால் அகலமான காட்சி, பெரிதானால் தொலைவில் உள்ளது அருகில் தெரியும்) லென்ஸோடும், பின்னர் வாங்கிய நிக்கானின் ஏஎஃப்-பி வகை 70-300 மி.மீ. லென்ஸோடும் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். இவை தரும் படங்களில் எனக்குப் பெரிய மனக்குறை இல்லை. லென்ஸை மாற்றுவதுதான் சிக்கலாக இருக்கிறது. ஒரு கட்டடத்தின் முகப்பை முழுமையாக எடுத்து முடிக்கும் நேரத்தில் அதன் உச்சியில் ஒரு பருந்து வந்து அமரும். பையைத் திறந்து, ஒரு லென்ஸைக் கழற்றி, மற்றதைப் பொருத்தி நிமிர்வதற்குள் அது பறந்துவிடும். காற்றும் புழுதியும் உள்ள இடங்களில் மாற்றியதன் விளைவாகச் சென்சாரில் தூசி படிந்து, வானம் வரும் படங்களில் எல்லாம் சாம்பல் நிறப் புள்ளிகள் விழுந்த அனுபவமும் உண்டு.

ஆகவே, பயணங்களுக்கு மட்டுமாவது எல்லாவற்றையும் ஒன்றிலேயே அடக்கிய சூப்பர்ஜூம் லென்ஸ் ஒன்றை, பெரும்பாலும் பயன்படுத்திய நிலையில், வாங்கலாம் என்று நினைக்கிறேன். என் பட்டியலில் நான்கு உள்ளன (எஃப் எண் லென்ஸின் துளையைக் குறிப்பது; எண் பெரிதாகும்போது வெளிச்சம் குறையும்): நிக்கான் 18-300 எஃப்/3.5-6.3 (550 கிராம்), சிக்மா 18-300 எஃப்/3.5-6.3 கன்டெம்பரரி (585 கிராம்), டாம்ரான் 16-300 எஃப்/3.5-6.3 (540 கிராம்), டாம்ரான் 18-400 எஃப்/3.5-6.3 (ஏறத்தாழ 705 கிராம்). முதல் மூன்றும் 2014-இலும், கடைசியானது 2017-இலும் வந்தவை. காகிதத்தில் பார்த்தால் 18-400 மற்ற மூன்றையும் விஞ்சிவிடுகிறது. ஆனால், அந்த நீளம் நடைமுறையில் எவ்வளவு பயன்படும், 16-க்கும் 18-க்கும் உள்ள வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதா, இப்போதுள்ள இரண்டு லென்ஸ்களோடு ஒப்பிட்டால் எதை இழப்பேன் என்பவற்றில் எனக்குத் தெளிவு இல்லை. பயன்படுத்தியவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1

நண்பரே, லென்ஸ்களை ஒப்பிடுவதற்கு முன் ஒரு வேலையைச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். கடந்த இரண்டு மூன்று பயணங்களில் நீங்கள் எடுத்தவற்றில் வைத்துக்கொள்ளத் தகுந்தவை என்று ஒதுக்கிய படங்களை மட்டும் எடுத்து, அவை எந்தக் குவியத் தூரத்தில் எடுக்கப்பட்டன என்பதைப் பாருங்கள். ஒவ்வொரு படக்கோப்பிலும் அந்தத் தகவல் பதிவாகியிருக்கும். படங்களைத் திருத்தும் மென்பொருள்கள் பலவும் அதன்படி பிரித்துக் காட்டும். சூப்பர்ஜூம் வாங்கும்போது நம் கண் தானாகவே பெரிய எண்ணின் மீது போய் நிற்கிறது. ஆனால், பயணப் படங்கள் எடுக்கும் பலருக்கும் படங்கள் குவிவது அகலக் கோடியில், அதாவது ஜூமின் சிறிய எண் முனையில்தான். 18 மி.மீ.யில் சுவரில் முதுகு மோதி நின்றபடி எடுத்த படங்கள் உங்களிடம் நிறைய இருந்தால், உங்களுக்குத் தேவையானது 400 அன்று, 16.

அந்த இரண்டு மில்லிமீட்டரைச் சிறிது என்று ஒதுக்கிவிட முடியாது. உங்கள் கேமராவின் சென்சார் 23.5 மி.மீ. அகலமுடையது. ஒரு சுவரிலிருந்து நான்கு மீட்டர் தள்ளி நின்று எடுத்தால், 18 மி.மீ.யில் அந்தச் சுவரில் ஏறத்தாழ 5.2 மீட்டர் அகலம் படத்துக்குள் வரும், 16 மி.மீ.யில் ஏறத்தாழ 5.9 மீட்டர் வரும். பின்னால் நகர இடம் இல்லாத குறுகிய தெருவிலும் சிறிய அறையிலும் இந்த எழுபது சென்டிமீட்டரை வேறு எந்த வழியிலும் ஈடுகட்ட முடியாது. தொலைவுக் கோடியில் போதாமல் போனால் படத்தை வெட்டிப் பெரிதாக்கலாம்; அகலக் கோடியில் போதாமல் போனால், சட்டத்துக்கு வெளியே நின்றுவிட்டதைப் பிறகு உள்ளே கொண்டுவர வழியில்லை. பல படங்களை இணைத்து அகலப்படம் செய்யலாம்தான், ஆனால் மனிதர்கள் நடமாடும் இடத்தில் அது எப்போதும் கைகொடுப்பதில்லை.

இத்தகைய லென்ஸ்கள் ஏன் சமரசமாகவே இருக்கின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் நீங்கள் எதை இழப்பீர்கள் என்ற கேள்விக்கு விடை அதில்தான் இருக்கிறது. 18-300 என்பது 16.7 மடங்கு ஜூம். 16-300 என்பது 18.8 மடங்கு, 18-400 என்பது 22.2 மடங்கு. உள்ளே இருக்கும் கண்ணாடிக் குழுக்கள் ஒன்றையொன்று நெருங்கியும் விலகியும் இத்தனை நிலைகளிலும் பிழைகளைத் திருத்தியாக வேண்டும். ஒரு கோடியில் செய்த திருத்தம் மறு கோடியில் பிழையாகிவிடும். அதனால் அகலக் கோடியில் நேர்கோடுகள் பீப்பாய் போல வெளியே புடைக்கும். சற்று ஜூம் செய்தவுடனே அதே கோடுகள் உட்புறமாக வளையத் தொடங்கும். தொலைவுக் கோடியில் மையம் ஏற்றுக்கொள்ளும் கூர்மையோடு இருந்தாலும் மூலைகள் மென்மையாகும். வானத்தின் பின்னணியில் உள்ள கிளைகளின் ஓரத்தில் ஊதாவும் பச்சையுமாக நிறப்பிறழ்ச்சி தெரியும்.

இவற்றில் வளைவையும் நிறப்பிறழ்ச்சியையும் மென்பொருள் பெருமளவு சரிசெய்துவிடும். ரா கோப்புகளை (கேமரா திருத்தாமல் தரும் மூலக் கோப்புகளை) எடுத்துத் திருத்துபவராக நீங்கள் இருந்தால் நான்கு லென்ஸ்களும் இதில் ஏறக்குறைய சமம்தான். கேமராவே திருத்தித் தரும் ஜேபெக் மட்டும் எடுப்பவராக இருந்தால் நிக்கான் 18-300-க்கு ஒரு தெளிவான அனுகூலம் உண்டு: டி5600-இன் தானியங்கி வளைவுத் திருத்தம் நிக்கானின் சொந்த லென்ஸ்களை அடையாளம் கண்டு வேலை செய்யும், பிற நிறுவன லென்ஸ்களுக்கு அது செயல்படாது.

என் பரிந்துரை: உங்கள் படங்கள் அகலக் கோடியில் குவிந்திருந்தால் டாம்ரான் 16-300; அப்படி இல்லாவிட்டால் நிக்கான் 18-300. இவற்றைவிட 150 கிராமுக்கு மேல் கூடுதலான 18-400-ஐ நாள் முழுவதும் கழுத்தில் சுமக்கும்போது, 465 கிராம் மட்டுமே எடையுள்ள உங்கள் கேமரா முன்பக்கமாகக் குப்புறச் சாய்ந்தபடியே தொங்கும்.

மறுமொழி 2

மேலே எழுதியவரின் அகலக் கோடி பற்றிய விளக்கத்தை முழுமையாக ஏற்கிறேன். ஆனால், 18-400-ஐ அவர் ஒதுக்கிய வேகம் சரியில்லை என்று நினைக்கிறேன். அந்த லென்ஸை இதே வகை சென்சாருடைய கேமராவில் பல பயணங்களில் பயன்படுத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன். கேள்வி கேட்டவர் முதலில் குறிப்பிட்டதே ஒரு பருந்தைத்தான் என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

300-இல் எடுத்ததை வெட்டி 400-க்கு உரிய சட்டத்துக்குக் கொண்டுவந்தால், நீளத்திலும் அகலத்திலும் முக்கால் பங்கு எஞ்சும். பரப்பில் அது 56 விழுக்காடு. உங்கள் 24 மெகாபிக்சல் படம் ஏறத்தாழ 13.5 மெகாபிக்சலாகிவிடும். நிலவை எடுத்துக்கொண்டால் கணக்கு இன்னும் எளிதாகப் புரியும். சென்சாரில் விழும் முழுநிலவின் விட்டம் குவியத் தூரத்தில் சுமார் 110-இல் ஒரு பங்கு. 300-இல் அது 2.7 மி.மீ., அதாவது உங்கள் கேமராவில் ஏறத்தாழ 700 பிக்சல். 400-இல் ஏறத்தாழ 930 பிக்சல். இந்த வேறுபாடு கண்ணுக்கு நன்றாகவே தெரியும். அதே வேளையில், 400-இல் இந்த லென்ஸ் 300-இல் இருப்பதைவிடச் சற்று மென்மையாக இருப்பதால், கணக்கு காட்டும் ஆதாயம் முழுவதும் கைக்கு வருவதில்லை என்பதையும் நான் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு பகுதி வருகிறது. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

ஆனால், தொலைவுக் கோடியின் உண்மையான விலை வெளிச்சத்தில் கொடுக்கப்படுகிறது. 400 மி.மீ. என்பது இந்தச் சென்சாரில் 600 மி.மீ.க்குச் சமமான பார்வைக் கோணத்தைத் தரும். கைநடுக்கம் தெரியாமல் எடுக்க, பழைய விதிப்படி 1/600 நொடி வேண்டும். நடுக்கக் குறைப்பு வசதி அதைப் பல மடங்கு தளர்த்தும் என்பது உண்மை. ஆனால், அது உங்கள் கையைத்தான் நிலைப்படுத்தும், தலையைத் திருப்பிக்கொண்டே இருக்கும் பறவையை அன்று. பறவைக்கு வேகமான ஷட்டர் வேண்டும், துளையோ எஃப்/6.3-க்கு மேல் திறக்காது, எனவே ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்திறன் அமைப்பு) ஏறியே தீரும். நல்ல வெயிலில் இது ஒரு பொருட்டே அன்று. மாலை மங்கும்போது ஐஎஸ்ஓ 3200-ஐத் தாண்டிப் போவதையும், இறகின் நுண்ணிய கோடுகள் குறுணையில் கரைவதையும் பார்ப்பீர்கள். உங்களுடையது போன்ற டிஎஸ்எல்ஆர் கேமராக்களின் தானியங்கிக் குவிய அமைப்பு பொதுவாக எஃப்/5.6 வரையான துளையைக் கருதி அமைக்கப்பட்டது. எஃப்/6.3 லென்ஸ்கள் அதில் இயங்கினாலும், மங்கிய ஒளியில் முன்னும் பின்னும் தேடி அலையும். அப்போது மையப் புள்ளியை மட்டும் வைத்துக்கொண்டு, ஒளி-நிழல் வேறுபாடு உள்ள ஓர் ஓரத்தில் குவித்தால் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும்.

நான்கில் எதை வாங்கினாலும் இந்த எஃப்/6.3 உங்களோடுதான் வரும். உங்கள் ஏஎஃப்-பி 70-300-உம் தொலைவுக் கோடியில் எஃப்/6.3-தான் என்பதால், அந்தக் கோடியில் வெளிச்சத்தில் நீங்கள் புதிதாக எதையும் இழக்கப் போவதில்லை. அங்கே இழப்பு கூர்மையில் மட்டுமே இருக்கும். அந்த 70-300 அதன் எடைக்கு மிகக் கூர்மையான லென்ஸ். 300-இல் இந்தச் சூப்பர்ஜூம்கள் எதுவும் அதை எட்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். உங்களிடம் உள்ள 18-55 ஏஎஃப்-பி வகையாக இருந்தால் இரண்டும் சேர்ந்தே 620 கிராம்தான். எனவே நீங்கள் எடையைக் குறைப்பதற்காக மாறவில்லை, பருந்து பறந்துவிடாமல் இருப்பதற்காக மாறுகிறீர்கள்; அதற்கு இது நியாயமான விலை என்றே கருதுகிறேன்.

இன்னொன்று. அருகில் உள்ள பொருளின் மீது குவிக்கும்போது இந்த லென்ஸ்கள் எல்லாவற்றிலும் பார்வைக் கோணம் விரிந்துவிடும். இரண்டு மீட்டரில் உள்ள பட்டாம்பூச்சியை 300 என்று குறித்த நிலையில் எடுத்தால், உண்மையில் அதைவிடக் குறைந்த உருப்பெருக்கம்தான் கிடைக்கும். இதை லென்ஸின் பழுது என்று எண்ணித் திருப்பிக் கொடுத்தவர்களை நான் அறிவேன். அப்படியிருந்தும், நாற்பது, ஐம்பது சென்டிமீட்டர் அளவுக்கு நெருங்கிக் குவிக்க முடிவதால், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உருவளவில் பூக்களையும் பூச்சிகளையும் எடுக்கலாம். இது உங்கள் 70-300 தருவதைவிட அதிகம்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. சொன்னபடியே படங்களைப் பிரித்துப் பார்த்தேன். வைத்துக்கொண்டவற்றில் பாதிக்கு மேல் 18-க்கும் 35-க்கும் இடையில் இருக்கின்றன. 18-இல் மட்டுமே ஒரு பெருங்கூட்டம். 300-இல் எடுத்தவை எதிர்பார்த்ததைவிடக் குறைவு. ஆனால், எனக்கு மிகவும் பிடித்த படங்களில் பல அவற்றில்தான் உள்ளன. எண்ணிக்கை ஒரு பக்கமும் விருப்பம் மறு பக்கமும் இழுக்கின்றன. மேலும் இரண்டு ஐயங்கள்: மாலையில் வீட்டுக்குள் எடுக்கும் படங்களுக்கு இவற்றில் எதாவது போதுமா? பயன்படுத்திய லென்ஸ் வாங்கும்போது எதைச் சோதிக்க வேண்டும்?

மறுமொழி 3

முதல் ஐயத்துக்கு நேரான விடை: போதாது. சூப்பர்ஜூம்கள் அகலக் கோடியில் எஃப்/3.5 என்று அறிவித்தாலும், ஜூம் செய்யச் செய்யத் துளை விரைவில் சுருங்கிவிடும், 35 மி.மீ.க்கு வரும்போது எஃப்/4.5-ஐ ஒட்டி இருக்கும். நிக்கானின் 35 மி.மீ. எஃப்/1.8 டிஎக்ஸ் (கிராப் சென்சாருக்கான) லென்ஸ் அதே இடத்தில் ஆறு மடங்குக்கு மேல் வெளிச்சத்தை உள்ளே விடும். ஐஎஸ்ஓ 6400 கேட்ட காட்சி ஏறத்தாழ 1000-இலேயே முடிந்துவிடும். அதன் எடை 200 கிராம், சட்டைப்பைக்குள்ளும் அடங்கும். பகல் முழுவதும் சூப்பர்ஜூம், விளக்கேற்றிய பின் 35 என்று வைத்துக்கொண்டால், புழுதி இல்லாத இடத்தில் நாளுக்கு ஒரே ஒரு முறை லென்ஸை மாற்றினால் போதும். கேமராவின் உள்ளமைந்த ஃபிளாஷை நம்ப வேண்டாம். இந்த லென்ஸ்களின் பருமனான குழல், குறிப்பாக மறைப்பு வளையம் (லென்ஸ் ஹூட்) பொருத்தியிருக்கும்போது, அகலக் கோடியில் படத்தின் அடிப்பகுதியில் அரைவட்ட நிழலாக விழும்.

இரண்டாவது ஐயம் சற்று விரிவாகப் பேச வேண்டியது, ஏனெனில் ஒரே மாதிரியைச் சேர்ந்த இரண்டு லென்ஸ்களுக்கு இடையே உள்ள வேறுபாடு, இரண்டு மாதிரிகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டைவிடச் சில நேரங்களில் பெரிதாக இருக்கும். ஒன்றுக்குள் ஒன்றாக நீளும் குழல்களும் நகரும் கண்ணாடிக் குழுக்களும் நிறைந்த லென்ஸ் இது. ஒருமுறை கீழே விழுந்திருந்தாலும் அச்சு விலகிவிடலாம். நான் ஒரு முறை வெளித்தோற்றத்தை மட்டும் பார்த்து வாங்கிய சூப்பர்ஜூம், எல்லாப் படங்களிலும் வலப்பக்கம் மட்டும் மங்கலாகத் தந்தது. ஒரு மாதம் என் கையைக் குறை சொல்லிக்கொண்டிருந்த பிறகே காரணம் புரிந்தது. ஆகவே, செங்கல் அடுக்கு தெளிவாகத் தெரியும் ஒரு சுவருக்கு நேர் எதிரே, சென்சார் சுவருக்கு இணையாக இருக்குமாறு கேமராவை முக்காலியில் நிறுத்தி, 18, 50, 135, 300 ஆகிய நிலைகளில் முழுத்துளையிலும் எஃப்/8-இலும் எடுங்கள். முக்காலியில் இருக்கும்போது நடுக்கக் குறைப்பை அணைத்துவிடுங்கள். நான்கு மூலைகளும் ஒரே அளவில் மென்மையாக இருந்தால் அது லென்ஸின் இயல்பு. ஒரு மூலை மட்டும் மற்றவற்றைவிட மிக மங்கலாக இருந்தால் அந்த லென்ஸை விட்டுவிடுங்கள். படங்களைக் கேமராத் திரையில் பார்த்து முடிவு செய்யாமல், கணினியில் முழு அளவில் பாருங்கள்.

குவியம் முன்னோ பின்னோ தவறுகிறதா என்பதையும் உறுதிசெய்ய வேண்டும். சற்றே விலை உயர்ந்த கேமராக்களில் இருக்கும் குவிய நுண்திருத்த வசதி டி5600-இல் இல்லை. எனவே தவறும் லென்ஸை உங்கள் கேமராவில் சரிசெய்ய முடியாது. சிக்மா 18-300-ஐ அந்த நிறுவனத்தின் யுஎஸ்பி டாக் வழியாகவும், டாம்ரான் 18-400-ஐ டேப்-இன் கருவி வழியாகவும் வீட்டிலேயே திருத்திக்கொள்ளலாம். நிக்கான் 18-300-க்கும் டாம்ரான் 16-300-க்கும் அந்த வழி இல்லை. இந்தச் சிறிய கருவியை யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை; உங்கள் கேமராவைப் பொறுத்தவரை இதை ஒரு முக்கியக் காரணமாகவே நான் கொள்வேன். சோதிக்கும் முறை எளிது. அச்சிட்ட பக்கம் ஒன்றைச் சாய்வாக வைத்து, நடு வரியில் வ்யூஃபைண்டர் வழியாகக் குவித்து ஒரு படமும், லைவ் வ்யூவில் (கேமராவின் பின்திரையில் பார்த்து) குவித்து ஒரு படமும் எடுத்து ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே வரியில் கூர்மையாக இருக்க வேண்டும்.

பிறகு ஒரு சிறு விளக்கைப் பின்பக்கமிருந்து லென்ஸுக்குள் பாய்ச்சி, சிலந்தி வலை போன்ற பூஞ்சை இழைகள் உள்ளனவா என்று பாருங்கள். சில தூசித் துகள்கள் படத்தைப் பாதிப்பதில்லை. பூஞ்சை மட்டும் ஏற்கத் தக்கதன்று. ஜூம் வளையம் எங்கேனும் மணல் நெருடுவது போல உரசுகிறதா என்பதையும், லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்தால் குழல் தானாக இறங்குகிறதா என்பதையும் கவனியுங்கள். ஓரளவு இறங்குவது இவ்வகையில் இயல்பே. அதற்காகத்தான் பூட்டு வைத்திருக்கிறார்கள். அது சரியாகப் பிடிக்கிறதா என்று பார்த்தால் போதும்.

குவியத்தைத் திருத்தும் கருவி 16-300-க்கு இல்லாவிட்டாலும், உங்கள் எண்ணிக்கையையும் விருப்பத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது நான் 16-300 பக்கம்தான் சாய்வேன். பறவைகளுக்காக மட்டும் கிளம்பும் நாளில் உங்கள் 70-300 இருக்கவே இருக்கிறது. அன்று லென்ஸை மாற்றும் தேவையே எழாது.

கேள்வி கேட்டவர்

கடைசியாகச் சொன்ன கருத்து என் குழப்பத்தைத் தீர்த்துவிட்டது. 70-300-ஐ விற்றுவிட்டால்தான் புதிய லென்ஸ் வாங்க முடியும் என்று நானாகவே ஒரு நிபந்தனையை வைத்துக்கொண்டு, அதன் இடத்தை நிரப்ப 400-ஐத் தேடிக்கொண்டிருந்தேன். அதை விற்கப் போவதில்லை. 18-55-ஐ விற்றுவிட்டு, பயன்படுத்திய டாம்ரான் 16-300 ஒன்றைச் சோதித்து வாங்க முடிவு செய்திருக்கிறேன். குவிய நுண்திருத்தம் இல்லாததால், வாங்கும் இடத்துக்குக் கேமராவையும் முக்காலியையும் கொண்டுபோய், செங்கல் சுவர்ச் சோதனையையும் சாய்ந்த பக்கச் சோதனையையும் அங்கேயே செய்யப் போகிறேன். விற்பவர் அதற்கு இசையாவிட்டால் வேறு லென்ஸைத் தேடுவேன். 35 மி.மீ. லென்ஸை அடுத்த கட்டமாக வைத்துக்கொள்கிறேன். சுவர்ப் படங்களை எடுத்ததும் 16 மி.மீ.யின் நான்கு மூலைகளையும் வெட்டி இங்கே இடுகிறேன். அந்த மென்மை இயல்பானதா, அச்சு விலகலா என்று நீங்கள் மூவரும் பார்த்துச் சொல்ல வேண்டும்.